சக்கரத்தடி ஈரம்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது. ஒன்று என் கொழுந்தன் மகள். தாயில்லாத பிள்ளை என்று கொண்டுவந்து விட்டார்கள், அவளுக்கும் சேர்த்தே உலை வைத்தேன். ஐந்து பேரும் இன்று யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கிறார்கள். பெருமையாகத்தான் சொல்கிறேன். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. எந்த எழுத்துக்குப் புள்ளி வரும், எதற்கு வராது என்பதையெல்லாம் பேத்தி பார்த்துத் திருத்துவாள். விஷயம் மட்டும் என்னுடையது. அதில் அவள் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நான் சந்தேகக்காரி. தென்காசியில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பால்காரர் ஊற்றிய பிறகு சொம்பைச் சாய்த்துப் பார்ப்பேன். கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை போய்த் தடவுவேன். மருமகள்கள் தங்களுக்குள் ஜாடை காட்டிச் சிரித்துக்கொள்வது எனக்குத் தெரியும். சிரிக்கட்டும். பிறக்கும்போதே நான் இப்படிப் பிறக்கவில்லை.

போன ஆடியில் டெல்லியிலிருந்து மூத்தவன் வீட்டுப் போன் வந்தது. மத்திய போலீஸில் இருந்து ஓய்வு பெற்று அங்கேயே வீடு வாங்கி இருப்பவன். நெஞ்சில் அடைப்பு, ஆபரேஷன் என்றார்கள். சின்ன ஆபரேஷன்தான் என்றாள் மருமகள். அவள் மகன் வாங்கி, சின்னதுதான் ஆச்சி என்றான். பிறகு இங்கே இருக்கும் என் இளைய மகள் வந்து, ரொம்பச் சின்னதும்மா என்றாள். சின்னது என்றால் எதற்கு மூன்று பேர் வந்து சொல்ல வேண்டும்? அவனிடமே கொடு என்றேன்.

அவன் குரல் சன்னமாக இருந்தது. கொஞ்ச நேரம் சாரல் விழுகிறதா, குற்றாலத்தில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டான். பிறகு சொன்னான்:

"யம்மா, இங்கன சும்மா படுத்துக்கிட்டு என்னென்னமோ நெனப்பு வருது. நான் யாருக்கும் ஒரு கெடுதல் செஞ்சதில்ல. சர்வீஸ்ல கூட அநியாயமா ஒருத்தன் மேல கை வச்சதில்ல. ஒரே ஒருத்தனத்தான் அடிச்சிருக்கேன். அவனும் அடி வாங்க வேண்டியவந்தான், என்னம்மா?"

போனை மகளிடம் கொடுத்துவிட்டு, "எனக்கு டிக்கெட் போடு. அவன உள்ள கொண்டு போறதுக்கு முன்னால நான் அங்கன நிக்கணும்" என்றேன். பெற்ற மனம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அவன் அடித்த அந்த ஒருவர் மேல் தப்பில்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று அடி வாங்கியவர். இன்னொன்று நான். என் மகன் மயக்க மருந்துக்குப் போவதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் கிளம்பினேன்.

என் வீட்டுக்காரர் எலுமிச்சங்காய் லாரி ஓட்டினார். புளியங்குடிக் கமிஷன் கடையில் மூட்டை ஏற்றிக்கொண்டு தென்காசி வருவார். வீட்டில் சாப்பிட்டுவிட்டு, செங்கோட்டை தாண்டி மலையேறி மலையாளத்துப் பக்கம் போவார். மற்ற வண்டிக்காரர்கள் வெள்ளிக்கிழமைதான் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். எங்களுக்குச் சரக்கே அதுதான் என்பதால் ஒவ்வொரு நடைக்கும் வைப்போம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. அவர் வண்டியை ஒரு முழம் நகர்த்துவார், பழம் நான்கும் நசுங்கும், நிறுத்துவார். அதன் பிறகு என் வேலை. நான் வண்டியை ஒரு சுற்று வருவேன். டயரைக் கை முட்டியால் குத்திப் பார்ப்பேன். கயிற்று முடிச்சு, தார்ப்பாய், விளக்கு, போல்ட்டு எல்லாம் பார்த்துவிட்டுப் பின்பலகையில் இரண்டு தட்டு தட்டுவேன். அந்த இரண்டு தட்டு கேட்காமல் அவர் கியர் போட மாட்டார். எதிர்வீட்டு அண்ணாச்சி, "என்ன, இன்ஸ்பெக்டரம்மா கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேலி செய்வார். எனக்கு அது பிடித்திருந்தது.

வண்டிக்கு மெக்கானிக் அச்சன்புதூர்க்காரர். என்னைவிட இளையவர், என் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்பார், என்னை மைனி என்பார். ஒரு தடவை பின்பக்கம் இடது சக்கரத்தைக் கழற்றி பிரேக்குக்குப் புது ரப்பர் போட்டு, அவரே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். என் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். என்னிடம்தான் சொன்னார்:

"மைனி, புது ரப்பர். அது ஒழுங்கா ஒக்காருத வரைக்கும் ஒரு நாலஞ்சு நடைக்கு ஒரு கண்ணு வச்சிக்கிடணும். சக்கரத்துப் பக்கம் பிரேக் எண்ணெய் கசிஞ்சு ஈரம் தெரிஞ்சா அண்ணாச்சிய வண்டிய எடுக்க விடாதீய. எனக்குச் சொல்லி விடுங்க, நான் ஓடி வந்திருவேன்."

"நான் பாக்காம எந்த வண்டி போகுது?" என்றேன்.

இவரிடம் அதைச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? பார்க்கிறவள் நான்தானே.

நாலாவது நடை. அன்றைக்கும் ஆடிச் சாரல். தெருவெல்லாம் நசநசவென்று இருந்தது. பழத்தை வைத்தேன், அவர் நகர்த்தினார், நசுங்கியது. நான் சுற்றி வந்தேன். இடது பின்சக்கரத்தில் ஈரம் இருந்தது. டயருக்கு அடியில் மட்டும் இருந்தால் பழத்தின் சாறு. இது சக்கரத்தின் உள்பக்கம் மேலிருந்து ஒரு கோடாக இறங்கியிருந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஆனால் பார்த்தேன். நல்ல சாறுள்ள பழம், தெறித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வண்டி நிறைய எலுமிச்சை. காற்றெல்லாம் அந்த வாசம்தான். ஒரு விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோயிருந்தால் போதும். குனிய வேண்டும், சேலை நனையும். அதற்குள் மேலேயிருந்து அவர் சத்தம் கொடுத்தார்:

"ஏட்டி, ஜோசியமா பாக்க? தட்டு."

நான் இரண்டு தட்டு தட்டினேன்.

ஆரியங்காவு தாண்டி இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. பள்ளத்துப் பக்கம் விடாமல் வண்டியைப் பாறையில் கொண்டுபோய் மோதினார். உயிர் தப்பியது. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

மூன்றாம் நாள் மெக்கானிக் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ரொட்டியும் நாலு சாத்துக்குடியும். படுக்கையிலிருந்து இவர், "ஒன் வேலதாம்ல இது. நீ போட்ட ரப்பர்தான் என் கால வாங்கிட்டு" என்றார். அவர் பதில் சொல்வதற்குள் என் மூத்தவன் பாய்ந்துவிட்டான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. விட்ட அடியில் அவருக்கு முன்பல் ஒன்று உடைந்தது. சாத்துக்குடி தரையில் உருண்டது. நான் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தேன்.

அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். மைனியிடம் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் சொல்லவில்லை. ரொட்டியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு லாரிக்காரர்கள் ஒவ்வொருவராக அவரிடம் போவதை விட்டார்கள். பட்டறையை மூடிவிட்டு சைக்கிளுக்குப் பஞ்சர் பார்த்தார் என்று கேள்விப்பட்டேன். நான் குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் அடுப்புப் போட்டு, சுக்குக் காபியும் பஜ்ஜியும் விற்று ஐந்து பேரையும் கரையேற்றினேன். இவர் கோல் ஊன்றிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்து, சாகிறவரைக்கும் அந்த மெக்கானிக்கை வைதார். நான் மாவு கரைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த மனிதர் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். எதையோ மனதில் வைத்திருக்கிறார், ஒருநாள் தெருவில் நிறுத்திக் கேட்கப்போகிறார் என்று நினைப்பேன். ஒரு தைப்பூசத்தன்று பண்பொழி மலைப்படியில் எதிரே இறங்கி வந்தார். நான் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு குழந்தையைக் கொஞ்சுவதுபோல் திரும்பிக்கொண்டேன். அவர் கடந்து போகிறவரைக்கும் கொஞ்சினேன்.

சரி, டெல்லிக்குப் போன கதைக்கு வருகிறேன். துணைக்கு வந்தது என் இளைய மகளின் பெண். கல்லூரி முடித்தவள். திருவனந்தபுரத்தில் காலை ஒன்பது மணிக்கு விமானம். மதியம் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு ஆளைப் பார்க்க விடுவார்கள், மூன்று மணிக்கு அவனை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள் என்று கணக்குச் சொன்னாள். விடிவதற்கு முன்னால் கார் வந்தது. டிரைவர் தம்பி நான்கு எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சக்கரத்தடியில் வைத்தார்.

"தம்பி, அத எடு" என்றேன்.

"நல்ல காரியத்துக்குப் போறீய ஆச்சி. ஒரு ராசிக்கு வச்சேன்."

"ராசிய சாமி படத்துக்கு முன்னால வை. சக்கரத்துக்கு அடியில வேண்டாம்."

நான் காரைச் சுற்றி வந்து, நான்கு சக்கரத்தையும் கையால் தடவி, கையை முகர்ந்து பார்த்தேன். "அண்ணே, எங்க ஆச்சிதான் இந்த ஏரியாவுக்கு ஆர்.டி.ஓ. கையெழுத்து வாங்காம நகர முடியாது" என்றாள் பேத்தி. அவர் சிரித்தார். எலுமிச்சம்பழத்தை ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதை ஒரு கிறுக்கு என்று வைத்திருக்கிறார்கள். ஆரியங்காவு இறக்கம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

விமான நிலையத்தில் எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. பையை ஓடுகிற பட்டையில் வைக்கச் சொன்னார்கள். அது ஒரு பெட்டிக்குள் நுழைந்து மறைந்தது. அந்தப் பக்கம் வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால்? பேத்தி சொல்லியும் கேட்காமல் எட்டி எட்டிப் பார்த்தேன். ஒரு பெண் போலீஸ் கம்பு ஒன்றை என் உடம்பு முழுக்கக் காட்டினாள். நானே இவர்களை நம்பாமல் இருக்கிறேன், இவர்கள் என்னை நம்பாமல் இருக்கிறார்கள். அதில் ஒரு நியாயம் இருப்பதாகப் பட்டது.

உள்ளே ஒரு பெரிய கண்ணாடிச் சுவர். அதை ஒட்டி உட்கார்ந்தோம். எங்கள் விமானம் அந்தப் பக்கம் நின்றது. வெளியே தூறிக்கொண்டிருந்தது. மஞ்சள் சட்டை மாட்டிய ஒரு பெண், கையில் டார்ச்சுடன் விமானத்தின் அடியில் வந்தாள். பேத்தியைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

"யாருட்டி அது?"

"பைலட் ஆச்சி. ரெண்டு பேரு இருப்பாவ. எடுக்கதுக்கு முன்னால ஒருத்தர் கீழ எறங்கி ஒரு சுத்து சுத்திப் பாக்கணும்."

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும். காலைல பாத்திருந்தாலும் மத்தியானம் மறுபடி பாக்கணும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த வேலையில் யாரும் என்னை ஏமாற்ற முடியாது. பேருக்குச் சுற்றுகிறாளா, பார்த்துச் சுற்றுகிறாளா என்று நடையிலேயே தெரிந்துவிடும். முன்சக்கரத்தில் குனிந்தாள். இறக்கைக்கு அடியில் தொங்குகிற பெரிய என்ஜினின் வாய்க்குள் டார்ச் அடித்தாள். பின்னால் பெரிய சக்கரங்கள். அவற்றைக் கடந்து இரண்டு எட்டு வைத்துவிட்டாள். அப்புறம் நின்றாள். திரும்பி வந்தாள்.

எதற்குத் திரும்பி வந்தாள்?

சக்கரத்தின் உள்பக்கம் டார்ச் அடித்துக் குந்தி உட்கார்ந்தாள். தரை முழுக்க மழை ஈரம். விமானமும் நனைந்துதான் நின்றது. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து எதையோ துடைத்தாள். எழுந்து போகவில்லை. அங்கேயே இருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து, இன்னொரு காகிதத்தால் அதே இடத்தைத் துடைத்தாள். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மூக்கருகே கொண்டுபோனாள்.

நான் எழுந்து கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். முட்டி வலி தெரியவில்லை.

நீலச் சட்டை போட்ட ஒரு ஆள், மெக்கானிக்காக இருக்கும், வந்தார். பார்த்துவிட்டுக் கையை விசிறினார். மழைத்தண்ணி என்று சொல்கிறார். காது கேட்காமலே எனக்குத் தெரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சொல்லியும் இருக்கிறேன். அந்தப் பெண் தலையை ஆட்டி, காகிதத்தை அவர் கையில் கொடுத்தாள்.

அப்புறம் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். பேத்தி முகம் மாறியது. "ஆச்சி, லேட்டாம். எவ்ளோ நேரம்னு இப்போ சொல்ல முடியாதாம்."

அருவியில் தண்ணீர் கலங்கி வரும்போது குளிக்கக் கூடாது என்று போலீஸ் விசில் ஊதுவார்கள். குற்றாலத்தில் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். நேற்று குளித்தோமே, ஒரே ஒரு முழுக்கு, நாங்கள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறோம் என்று ஒரு கூட்டம் அவர்களைச் சூழ்ந்துகொள்ளும். இங்கேயும் கவுண்டரைச் சுற்றி அதே கூட்டம், அதே கத்தல். நாகர்கோவில்காரர் ஒருவர் முன்னால் நின்றார். "மழைத்தண்ணியப் பாத்துப் பயந்துட்டு ஒரு பிள்ள. இவளுவள யாரு பைலட்டா ஆக்குனது?" என்றார்.

எனக்கும் கத்த வேண்டும்போல் இருந்தது. மறைக்கவில்லை. இரண்டு மணி தப்பினால் அவனைப் பார்க்க முடியாது. நான் சொல்ல வேண்டியது என் வாயிலேயே கிடக்கும். அவன் உள்ளே போய் அப்படியே ஏதாவது ஆகிவிட்டால், அந்தப் பொய்யோடு போய்ச் சேருவான். பேத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனேன்.

"சொல்லுட்டி. எம்மகனுக்கு ஆபரேஷன்னு சொல்லு. ஈரந்தானே, தொடச்சிட்டு எடுக்கச் சொல்லு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

அந்த நேரம் பெரிய பைலட்டும் அந்தப் பெண்ணும் மேலே வந்தார்கள். அவர் தலை நரைத்தவர். எல்லாரையும் பார்த்து ஆங்கிலத்தில் பேசினார். பேத்தி எனக்குச் சொன்னாள். இடது சக்கரத்து பிரேக்கில் எண்ணெய் கசிகிறது. எந்த அளவு என்று தெரியாது. மாற்ற வேண்டும். சாமான் வர நேரமாகும். நாகர்கோவில்காரர், "ஒரு சொட்டு எண்ணெய்க்கு இத்தன பேர நிப்பாட்டுவீயளா?" என்றார். பெரிய பைலட் ஆமாம் என்று மட்டும் சொன்னார்.

நான் ஆட்களை விலக்கிக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனேன். மஞ்சள் சட்டை இன்னும் நனைந்திருந்தது.

"பிள்ள, மோந்து பாத்தியே. என்ன வாசம்?"

அவள் மலையாளத்துப் பெண். ஆனால் புரிந்தது. "எண்ணெயாணு அம்மே" என்றாள்.

"மழை பெய்யுதே. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"தொடச்சு நோக்கி. மழையெங்கில் பின்னே வராது. இது பின்னேயும் வந்நு." துடைத்த பிறகும் மறுபடி கசிந்ததாம்.

"நீ மொதல்ல தாண்டிப் போயிட்ட. நான் பாத்தேன். எதுக்குத் திரும்பி வந்த?"

அவள் கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல் இருந்தது. "ஒரு சந்தேகம்" என்றாள்.

நான் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். பேத்தி தண்ணீர் கொடுத்தாள். பதினொரு மணிக்கு மருமகள் போன் செய்தாள். ஆபரேஷனுக்குத் தயார்படுத்த மேல்மாடிக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம், அங்கே போன் கிடையாதாம், ஒரு நிமிஷம் பேசிவிடுங்கள் என்று அவன் காதில் வைத்தாள்.

"யம்மா, ஏறியாச்சா?"

"இல்லலே. சக்கரத்துல ஈரமாம். நிப்பாட்டிட்டாவ."

"மழைத்தண்ணியா இருக்கும். இவனுவளுக்கு வேற சோலி இல்ல. நீங்க வாரதுக்குள்ள என்னக் கொண்டு போயிருவாவ."

"மழைத்தண்ணி இல்ல. ஒரு பிள்ள தொடச்சு மோந்து பாத்துக் கண்டுபிடிச்சிட்டா." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "லே, கேளு. ஒங்கப்பா வண்டியிலயும் ஈரம் இருந்துது. நான் பாத்தேன். ஈரம் கண்டா எடுக்க விடாதீய மைனின்னு அந்த மெக்கானிக் முன்னமே எங்கிட்ட சொல்லியிருந்தான். நான் எலுமிச்சம்பழச் சாறுன்னு நெனச்சுத் தட்டி விட்டுட்டேன். அவம் மேல தப்பு இல்ல. நீ அடிச்சது ஆளத் தப்பி."

அந்தப் பக்கம் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடுவது கேட்டது. பிறகு மருமகள் குரல்: "அத்தை, கூட்டிட்டுப் போறாங்க. என்ன சொன்னீங்க? கண்ண மூடிக்கிட்டார்." போன் நின்றது.

பேத்தி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டிருப்பாள். ஒன்றும் கேள்வி கேட்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. நெஞ்சு ஆபரேஷனுக்குப் போகிறவனிடம் சொல்கிற விஷயமா அது என்று மனதில் நினைக்கிறாளோ? நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாமான் வந்து, மாற்றி முடித்தார்கள். அந்தப் பெண் மறுபடி இறங்கினாள். மாற்றிய சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. முதலிலிருந்து தொடங்கி, முன்சக்கரம், என்ஜின், இறக்கை, வால் என்று முழுச் சுற்றும் வந்தாள். பன்னிரண்டரைக்கு எங்களை ஏற்றினார்கள்.

உள்ளே ஒரு பெண் நின்று பெல்ட்டை எப்படி மாட்டுவது, தண்ணீரில் விழுந்தால் சட்டையை எப்படி ஊதுவது என்று காட்டினாள். யாரும் பார்க்கவில்லை. நாகர்கோவில்காரர் தூங்கிவிட்டார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, அந்தச் சட்டை உண்மையிலேயே இருக்கிறதா என்று இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் தடவினேன். இருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, கட்டைவிரலை உயர்த்தினாள். அதற்குப் பிறகு மூன்றரை மணி நேரம். மேலே போய்விட்டால் சுற்றி வந்து பார்ப்பதற்கு எதுவும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆறு மணி. அவன் உள்ளேதான் இருந்தான். ஏழரைக்கு டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். மருமகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் டாக்டர் முகத்தையே பார்த்தேன். எதையும் ஒளிக்கிற முகமாக இல்லை.

மறுநாள் சாயங்காலம் ஐந்து நிமிஷம் என்னை விட்டார்கள். மூக்கில், கையில், நெஞ்சில் குழாய். கண்ணைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். போனில் நான் சொன்னதைக் கேட்டானா, மருந்து மயக்கத்தில் விட்டுவிட்டானா என்றும் சந்தேகம்.

"அவரு இருக்காராம்மா?" என்றான். தொண்டை கரகரத்தது.

"இருக்காரு. அச்சன்புதூர்லதான்."

"நான் அவ்ளோ தூரம் வரதுக்கு மூணு மாசம் ஆகும்ங்காவ. அதுவரைக்கும் தள்ளி வைக்க வேண்டாம். நீங்க முன்னால போங்க."

"போயி என்னன்னு சொல்ல?"

"எங்கிட்ட சொன்னதச் சொல்லுங்க."

அவ்வளவுதான். என்னைப் பார்க்கவில்லை. நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். இன்றைக்கும் போனில் பேசுகிறான். மாத்திரை சாப்பிட்டேன், நடந்தேன் என்கிறான். பழையபடி யம்மா என்று இழுப்பதில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

ஊருக்கு வந்த பிறகு பேத்தி அந்த மெக்கானிக்கைப் பற்றி விசாரித்தாள். அவர் மகள் வீட்டில் இருக்கிறார். சர்க்கரையில் கண் இரண்டும் போய்விட்டதாம். ஆளைக் குரலில்தான் தெரியுமாம். அதைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்தது. அவருக்கு முன்னால் உட்கார்ந்து வாயால் சொல்லத் தொடங்கினால் என்னை எனக்குத் தெரியும். சாரல் என்பேன், தரை ஈரம் என்பேன், இவர் அவசரப்படுத்தினார் என்பேன். கண் தெரியாத மனிதர், என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால்தான் எழுதினேன். பேத்தியின் பழைய நோட்டில், ஒரு நாளைக்கு ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று. நான் பக்கத்தில் இருக்க, அவள் அவருக்கு வாசிக்க வேண்டும். ஏன் அன்றைக்கு என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கப் போவதில்லை. அது அவர் இஷ்டப்பட்டால் சொல்ல வேண்டியது.

நாளை காலைக்குக் கார் சொல்லியிருக்கிறது. பேத்தி அடுக்களையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டேன்.

"ஏட்டி, இங்கன வந்து ஒக்காரு. இத மொதல்ல இருந்து எனக்கு ஒரு தடவ வாசி. அவசரப்படாத. எங்கனயாவது நான் பூசி மெழுகியிருக்கேன்னு ஒனக்கு ஒரு சந்தேகம் வந்துதுன்னா, தாண்டிப் போகாத. நிப்பாட்டிரு."